இளைக்க மறுத்த எலிகள்

எலிப் புழுக்கையை இடுக்கியில் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவதற்காகக் கிடுக்கி தன் தங்கையை இந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கவில்லை. மாப்பிள்ளையும் அதற்காகக் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சொந்தக்காரனைக் கூட்டு சேர்த்துத் துப்பறியும் தொழில் நடத்தினால் யார் எங்கே போய் நிற்க வேண்டிவரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"சிவப்பு, மச்சான்."

"அடுத்தது?"

"அதுவும் சிவப்பு."

"மூலையில பாருங்க மாப்ளே. பெருக்காம விட்ட பழசு ஏதாவது கிடக்கும்."

"பழசும் சிவப்புதான். மாமனார் வீட்டுல எனக்கு நடக்கிற மரியாதையைப் பாருங்க. பழைய புழுக்கை பொறுக்க விட்டிருக்காங்க."

"மாப்பிள்ளைங்கிற மரியாதைக்குத்தான் இடுக்கி குடுத்தேன். இல்லேன்னா கையாலதான்."

சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் கீழே மரத்தூள், மேலே கம்பித் தட்டு, தட்டில் விரல் நீளத் தீனிக் கட்டிகள். இடது பக்கக் கூண்டுகளில் சிவப்புக் கட்டி, வலது பக்கக் கூண்டுகளில் நீலக் கட்டி. இரண்டு பக்கத்து எலிகளும் ஒரே அளவுக்குக் கொழுத்து, தலையணை உறைக்குள் திணித்த பஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தன. சிக்கலே அதுதான். இடது பக்கத்து எலிகள் இளைத்திருக்க வேண்டும்.

"இந்த நடுக்கூண்டு எலியாரைப் பார்த்தா எனக்கு என் சின்ன மாமனார் ஞாபகம் வருது."

"அவர் எனக்குச் சித்தப்பா."

"அதனாலதான் பேர் சொல்லலை."

கிடுக்கி பல்லைக் கடித்தார். பிடித்தால் விடமாட்டார் என்பதற்காக யாரோ வைத்த பட்டப்பெயர் அது. இன்றைக்குக் காலையிலிருந்து அவர் பிடித்தது ஒன்றும் கையில் நிற்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி, எல்லோருக்கும் டாக்டரம்மா, உடம்பை இளைக்க வைக்கும் மருந்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். போன வருடம் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து இரண்டுக்கும் ஒரே கொழுப்புத் தீனியைப் போட்டார். ஒரு கூட்டத்தின் தீனியில் மருந்து; அதற்குச் சிவப்புச் சாயம். இன்னொன்றில் மருந்து இல்லை. அதற்கு நீலச் சாயம். நீலம் தின்றவை கொழுத்தன. சிவப்பு தின்றவை இளைத்தன. பெரிய மருந்துக் கம்பெனி ஓடி வந்தது. இன்னொரு தடவை செய்து காட்டுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்றது. இந்த வருடம் செய்து காட்டியபோது இரண்டு கூட்டமும் போட்டி போட்டுக்கொண்டு கொழுத்தன.

யாரோ தீனியை மாற்றிவிட்டார்கள் என்று டாக்டரம்மா தீர்மானித்தார். அந்த யாரோ, கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கூண்டுக்காரர். எதிரிக் கம்பெனியிடம் கைநீட்டியிருக்கிறார் என்பது டாக்டரம்மாவின் கணிப்பு. போலீஸுக்குப் புகார் தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டாயிற்று. சாயங்காலத்துக்குள் கிடுக்கி வேறு ஆளைக் காட்டவில்லையென்றால் அது ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். வெள்ளைக் கோட்டு, தூக்கமில்லாத கண்.

"கண்டுபிடிச்சீங்களா?"

"ஒண்ணு கண்டுபிடிச்சோம்," என்றார் கிடுக்கி. "நீங்க சாயம் போட்டது நல்லதாப் போச்சு. எலி சிவப்பு தின்னா சிவப்பாப் போகுது, நீலம் தின்னா நீலமாப் போகுது. இடது பக்கம் முழுக்கச் சிவப்பு. பழசு, புதுசு, மூலை, முடுக்கு எல்லாம் பார்த்தாச்சு. உங்க கூண்டுக்காரர் தீனியை மாத்திப் போடலை."

"முகம் பொய் சொல்லும், இது சொல்லாதுங்க," என்று மாப்பிள்ளை இடுக்கியை நீட்டினான். டாக்டரம்மா பின்வாங்கினார்.

"அப்ப மருந்தையே எடுத்திருக்கான். தீனி அரைக்கிற மில்லுல ஆளைப் பிடிச்சு, மருந்து இல்லாத தீனிக்குச் சிவப்புச் சாயம் போட வெச்சிருக்கான்."

கிடுக்கியின் மனதிலும் அதுதான் ஓடியது.

"போன வருஷத்துத் தீனி மிச்சம் இருக்கா?"

"குளிர்பெட்டியில மாதிரிக்கு வெச்சிருக்கேன்."

பழைய சிவப்பில் கொஞ்சம், புதுச் சிவப்பில் கொஞ்சம், இரண்டு உறையில் போட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள்.

வாசல் கேட்டுக்கு வெளியே, நடைபாதை விளிம்பில் கூண்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். உள்ளே விட மறுத்துவிட்டார்கள். வீட்டுக்கும் போக மனமில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"இன்னும் ஆகலை, அண்ணே. மில்லுக்காரர் உங்களுக்குப் பழக்கமா?"

"அவர் யாரோ நான் யாரோ. மூட்டை வரும், இறக்குவேன், அவ்வளவுதான்." கூண்டுக்காரர் எழுந்து கிடுக்கியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், என் பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கோம். பையன் வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது? கொலை பண்ணிட்டு உள்ள போனாக்கூடக் கோபத்துல பண்ணிட்டான்னு சொல்லிக்கலாம். எலிக்குச் சோத்தை மாத்திப் போட்டு உள்ள போனான்னா சிரிப்பாங்க சார்."

மாப்பிள்ளைக்கும் சிரிப்புத்தான் வந்தது. அந்த ஆளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

மில்லில் காது அடைத்தது. ஒரு பக்கம் மாவு அரைபட, இன்னொரு பக்கம் யந்திரத்தின் வாயிலிருந்து கட்டி கட்டியாகத் தீனி விழுந்துகொண்டிருந்தது. மில் முதலாளி தலையிலிருந்து கால்வரை மாவுப்பொடியோடு வந்து, என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சரக்கு வாங்க வந்தவர்களோ, சண்டைக்கு வந்தவர்களோ, உட்கார வைத்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது என்று தெரிந்த மனிதர்.

"சிவப்புத் தீனியில மருந்து போடறதை நிறுத்திட்டீங்களாமே?" என்றார் கிடுக்கி எடுத்த எடுப்பில்.

"யார் சொன்னது?" முதலாளி நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். "அந்தம்மா டப்பாவுல குடுத்தனுப்பற பொடி மொத்தமும் மாவுல போகுது. ஒரு சிட்டிகை மிச்சம் கிடையாது. அந்த மருந்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, நானே இளைக்கவா?"

அவருடைய வயிறு அந்த வாதத்துக்குச் சாட்சி சொன்னது.

"எப்படி நம்பறது?"

"நாக்கு இருக்குல்ல? அந்த மருந்து எட்டிக்காய்க் கசப்பு. வாயில போட்டுப் பாருங்க."

கிடுக்கி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"வேண்டாம் மச்சான். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தங்கச்சிக்கு யார் பதில் சொல்றது?"

"இளைச்சா அவ சந்தோஷப்படுவா. நுனியை மட்டும் கடிச்சுத் துப்புங்க."

பழைய சிவப்பை நுனிப்பல்லால் கடித்த மாப்பிள்ளையின் முகம் நான்காக மடிந்தது. ஓடிப்போய்த் துப்பி, குழாயடியில் வாயைக் கழுவி, மறுபடி துப்பி, திரும்பி வந்தான்.

"இனிமே இன்னொண்ணா?"

"இன்னொண்ணுதான் முக்கியம்."

புதுச் சிவப்பைக் கடித்தான். முகம் மடியவில்லை. புருவம் உயர்ந்தது.

"இது... நல்லாயிருக்கே. பிஸ்கட் மாதிரி வாசனை. இனிப்பா..." சட்டென்று நின்றான். "ஐயோ. கடைசியில அடித்தொண்டையில பிடிக்குது. அதே கசப்பு."

மருந்து இருக்கிறது. கிடுக்கியின் இரண்டாவது பிடியும் நழுவியது. ஆனால் இன்னொன்று புதிதாக முளைத்திருந்தது.

"முதலாளி, இந்த இனிப்பு எங்கேருந்து வந்தது?"

மில் முதலாளியின் முகம் பூரித்தது. இந்தக் கேள்விக்காகவே இத்தனை மாதம் காத்திருந்தவர் போலச் சொன்னார்: "அது நம்ம கைவண்ணம். இனிப்பும் வாசனையும் சேர்த்தேன். சிவப்பு, நீலம் ரெண்டுலயும். நான் பாரபட்சம் பார்க்கறவன் இல்லை. தனியா விலைகூடப் போடலை."

"டாக்டரம்மா கேட்டாங்களா?"

"அவங்க எங்க கேட்டாங்க? உங்க கூண்டுக்காரர்தான் கேட்டார். மூட்டை இறக்க நானே வண்டியில போயிருந்தேன். இந்தச் சிவப்பு சரியில்லை, வேலை வாங்குது, என்னால முடியலைன்னார். நம்ம சரக்கைப் பத்திக் குறை சொன்னா எனக்குச் சோறு இறங்காதுங்க. அடுத்த மூட்டையில சரி பண்ணிட்டேன். அதுக்கப்புறம் ஒரு குறை வரலை பாருங்க!"

வண்டியில் ஏறியதும் கிடுக்கி ஸ்டியரிங்கை ஓர் அறை அறைந்தார். ஹாரன் அலறியது. முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார்.

"அவனைக் காப்பாத்தலாம்னு கிளம்பினோம் மாப்ளே. அவன் கழுத்துக்கே கயிறு திரிச்சுக் கொண்டு வர்றோம். தீனியை மாத்தச் சொன்னது அவன்தான். மில்லுக்காரரைத் தெரியாதுன்னு என்கிட்டயே பொய் சொல்லியிருக்கான்."

"சொந்தமா யோசிக்கிற மில்லுக்காரரையும் பொலம்பற வேலைக்காரரையும் ஒரே இடத்துல விடக்கூடாது, மச்சான்."

"கேலி பேசற நேரமா இது?"

"நான் வேற எதைப் பேசறது? நாக்கு செத்துப்போச்சு. இன்னும் கசக்குது." மாப்பிள்ளை ஜன்னல் வழியாகத் துப்பினான். "புதுசாவது பரவாயில்லை. அந்தப் பழசைப் போன வருஷத்து எலிங்க எப்படித்தான் தின்னுச்சோ."

வண்டி நடுத்தெருவில் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தார்கள்.

"தின்னுச்சுன்னு யார் சொன்னா?" என்றார் கிடுக்கி.

"என்ன மச்சான்?"

"தின்னுச்சுன்னு யார் சொன்னா?"

கேட்டில் கூண்டுக்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். கிடுக்கி வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்.

"ஏன் அண்ணே, மில்லுக்காரர்கிட்ட இனிப்பு சேர்க்கச் சொன்னீங்களா?"

"இனிப்பா? நானா?" கூண்டுக்காரர் விழித்தார். "மூட்டை இறக்க வந்தாரே, ஒரு குண்டு மனுசர், அவரா மில்லுக்காரர்? அவர்கிட்ட இடுப்பு ஒடியுதுன்னு பொலம்பினேன், அவ்வளவுதான் சார். போன வருஷம் சிவப்புக் கூண்டெல்லாம் எந்நேரமும் ஒரே தீனித் தூள். எத்தனை பெருக்கினாலும் தீராது. பொலம்பறதையெல்லாம் ஆர்டர்னு எடுத்துக்குவாரா அந்த மனுசன்?"

"எடுத்துக்கிட்டார். அதான் இந்த வருஷம் உங்களுக்கு வேலை கம்மி."

"ஆமா சார், இந்த வருஷம் தூளே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். தன் வாயால் தன்னையே மாட்டிவிட்டோமோ என்ற பயம் கண்ணில் தெரிந்தது.

டாக்டரம்மாவின் மேஜையில் புகார்க் காகிதம் உறைக்குள் போயிருந்தது. கிடுக்கி உட்காரவில்லை.

"எலி எவ்வளவு தின்னுதுன்னு எப்படிக் கணக்கு பண்றீங்க, மேடம்?"

"இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? தட்டுல வைக்கும்போது எடை போடுவோம். மிச்சத்தை எடுக்கும்போது எடை போடுவோம். குறைஞ்சது தின்னது."

"கடையில மூட்டை குறைஞ்சா அவ்வளவும் வித்துப்போச்சுன்னு அர்த்தமா? சிந்தினது?"

"எலின்னா கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். மரத்தூளோட தூக்கிப் போட்டிருவோம்."

"கொஞ்சமா, ரொம்பவா?"

எடை போடும்வரைதான் டாக்டரம்மாவின் வேலை. பெருக்குவது வேறு ஆளின் வேலை. பெருக்குகிற ஆள் தன் இடுப்பைப் பற்றி மூட்டைக்காரரிடம் பேசினாரே தவிர டாக்டரம்மாவிடம் பேசவில்லை.

"எனக்கு ரெண்டு எலி வேணும். சிவப்பே பார்க்காத நீலக் கூட்டத்து எலி. விளக்கையும் அணைக்கணும்."

இருட்டினால்தான் எலிக்குப் பசி எடுக்கும். பெரிய விளக்கை அணைத்துச் சின்னச் சிவப்பு விளக்கை ஏற்றினார் டாக்டரம்மா. அந்த வெளிச்சம் எலியின் கண்ணுக்குத் தெரியாதாம். சுத்தமான இரண்டு கூண்டு. ஒன்றின் தட்டில் பழைய சிவப்பு, இன்னொன்றின் தட்டில் புதுச் சிவப்பு. மூன்று பேரும் குனிந்து நின்றார்கள்.

புதுச் சிவப்பின் கீழே இருந்த எலி நிமிர்ந்து நின்று, கம்பிகளுக்கிடையே வாயை வைத்து, கடிக்க ஆரம்பித்தது. விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளை பலகாரத் தட்டை விடாதது மாதிரி விடவில்லை.

பழைய சிவப்பின் கீழே இருந்ததும் நிமிர்ந்தது. கடித்தது. உதறியது. இன்னோர் இடத்தில் கடித்தது. உதறியது. மேலே இருக்கும் சரக்கு சரியில்லை, அடியிலாவது நல்லது இருக்கும் என்று குவியலையே கவிழ்த்துப் பார்க்கும் வாடிக்கைக்காரி மாதிரி, அந்தக் கட்டியைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டியது. மரத்தூளின் மேல் சிவப்புத் தூள் பொலபொலவென்று விழுந்தது. கட்டி பாதியாகக் கரைந்தது. எலி ஒரு மூலைக்குப் போய், மீசையைத் துடைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு உட்கார்ந்தது.

தட்டில் குறைந்திருந்தது. டாக்டரம்மாவின் கணக்குப்படி அது அவ்வளவையும் தின்றுவிட்டது.

கிடுக்கி மெதுவாகச் சொன்னார்: "போன வருஷம் உங்க எலிங்க மருந்தால இளைக்கலை, மேடம். பட்டினியால இளைச்சுது."

"இல்லை."

"உங்க கூண்டுக்காரர் பொலம்பினதைக் கேட்டு மில்லுக்காரர் இந்த வருஷம் தீனியில இனிப்பு சேர்த்துட்டார், கசப்பு மறைஞ்சுது. வயிறாரத் தின்னுது. அப்படின்னா மருந்தும் போன வருஷத்தைவிட அதிகமாத்தான் உள்ள போகுது. போயும் கொழுக்குது. நீலத்தைத் தின்னதுக்கும் சிவப்பைத் தின்னதுக்கும் வித்தியாசமே இல்லை."

டாக்டரம்மா பெரிய விளக்கைப் போட்டார். வெளிச்சத்தில் அந்தச் சிவப்புத் தூள் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் பேசினார்.

"அவன் என்னைக் கேட்காம தீனியை மாத்த வெச்சான். அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"சோதனை நடக்கும்போது தீனியில கை வெச்சா குத்தம். அதுவும் உண்மைதானே? நீங்க அந்த அளவோட நிறுத்திக்கலாமே. கூண்டுக்காரன் மில்லுல சொல்லி மாத்தினான், அதனால சோதனை கெட்டுப்போச்சு. இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது."

மாப்பிள்ளை கிடுக்கியைப் பார்த்தான். காலையிலிருந்து அவர் தேடியலைந்த குற்றவாளியைக் கையில் கொடுத்து, அழகாகக் காகிதம் சுற்றி, கயிறும் கட்டித் தருகிறார்கள். மறுத்தால் இந்த வழக்கில் பிடிக்க ஆளே இல்லை.

"நிறுத்தலாம்," என்றார் கிடுக்கி கடைசியில். "ஒரு வார்த்தை பொய் கிடையாது. கம்பெனிக்காரனும் மருந்தை வாங்கிட்டுப் போவான். ஆனா அவன் மனுசனுக்குத் தீனிக் கட்டியாவா குடுப்பான்? மாத்திரைக்குள்ள வெச்சுக் குடுப்பான். நாக்குக்குக் கசப்பே தெரியாது. ஒரு ஆள்கூட இளைக்க மாட்டான். அன்னைக்கு யாரைப் பிடிச்சு உள்ள போடுவீங்க?"

டாக்டரம்மா பழைய சிவப்புக் கட்டியைத் தட்டிலிருந்து எடுத்தார். சுரண்டிய பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இருவரும் தடுப்பதற்குள், நுனியைக் கடித்தார்.

இத்தனை வருடம் தன் கையால் தயாரித்துக் கொடுத்த மருந்தை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயில் வைத்தார் போலிருக்கிறது. கண்ணில் நீர் கட்டியது. அது கசப்பாலா வேறு எதனாலா என்று கேட்க மாப்பிள்ளைக்கே தைரியம் வரவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினான். அவர் வாங்கவில்லை.

படியிறங்கி அவரே கேட்டுக்குப் போனார். பின்னால் கிடுக்கியும் மாப்பிள்ளையும். வெயில் சாய்ந்திருந்தது. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் கூண்டுக்காரர் துள்ளி எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"திருடன் கிடைச்சானா மேடம்?"

"திருட்டே நடக்கலை," என்றார் டாக்டரம்மா. "திருடற மாதிரி என்கிட்ட ஒண்ணும் இல்லைங்கறது இப்பதான் தெரிஞ்சுது."

கூண்டுக்காரருக்குப் புரியவில்லை. கிடுக்கியைப் பார்த்தார். கிடுக்கி தெருவைப் பார்த்தார்.

"அப்ப... என் வேலை மேடம்?"

"காலையில வாங்க," என்றார் டாக்டரம்மா. "வரும்போது கடையில ஒரு சல்லடை வாங்கிட்டு வாங்க. கண்ணு சின்னதா இருக்கணும். முதல்லேருந்து ஆரம்பிக்கிறோம். சிந்தறதையும் எடை போடணும்."